மணிலாவின் போலீஸ் மேயரும் நமக்கு இல்லாத ஓட்டும்

ரவாங்கிலும் அதைச் சுற்றியுள்ள தாமான்களிலும் ஒரு வாரம் குப்பை லோரி வராமல் போனால் போதும். சாக்கடை அடைத்துக்கொண்டு மழைத்தண்ணீர் வாசல்படி ஏறினால் போதும். சாப்பாட்டுக் கடை மேசையில் அந்த யோசனை வந்துவிடும்: "ரிட்டையர் ஆன பெரிய போலீஸ் அதிகாரி ஒருத்தரைக் கொண்டாந்து நகராண்மைக் கழகத்துல உட்கார வைக்கணும். மூணே மாசத்துல எல்லாம் நேராயிடும்." சொல்பவர் அநேகமாக மதிப்பீட்டு வரியைத் தவணை தவறாமல் கட்டுகிறவர். யாரையும் அடித்து உதைக்க வேண்டும் என்று நினைக்கிறவர் இல்லை. புகார் கொடுத்துக் கொடுத்து அலுத்துப் போனவர், அவ்வளவுதான். அந்த அலுப்பில் நியாயம் இருக்கிறது. யோசனைதான் இடிக்கிறது.

இதைச் செய்து பார்த்த ஊர்கள் உலகத்தில் உண்டு. அவற்றில் நமக்குக் கிட்டத்தில் இருப்பது, கோலாலம்பூரிலிருந்து விமானம் நான்கு மணி நேரத்தில் போய்ச் சேரும் மணிலா. அந்த நகரம் தன் போலீஸ் தலைவரை மேயராக்கியது. சில வருடம் கழித்து மறுபடி கூப்பிட்டு அதே நாற்காலியில் உட்கார வைத்தது. பிறகு போதும் என்று அனுப்பியும் வைத்தது. அல்ஃபிரெடோ லிம் என்ற அந்த மனிதரைப் பற்றி நம் பக்கத்தில் அதிகம் பேசப்பட்டதில்லை. 2020 ஆகஸ்டில் தமது 90-ஆவது வயதில் கோவிட் தொற்றால் அவர் இறந்தபோது நாமும் நோய்ப் பயத்தில் வீட்டுக்குள் இருந்தோம். செய்தி கடந்து போய்விட்டது.

லிம் 1929 டிசம்பரில் மணிலாவில் பிறந்தவர். சிறுவயதில் ஒரு பகுதி அனாதை இல்லத்தில் கழிந்தது. 1950-களின் தொடக்கத்தில் சாதாரணக் காவலராகப் போலீசில் சேர்ந்தார். வேலை பார்த்துக்கொண்டே சட்டம் படித்து வழக்கறிஞர் தகுதியும் பெற்றார். அடிமட்டத்திலிருந்து ஜெனரல் வரை ஒவ்வொரு படியாக ஏறிய ஆள். அந்த ஊர் ஏழைகள் அவரைத் தங்களில் ஒருவராகப் பார்த்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

1986 பிப்ரவரியில் மார்க்கோசுக்கு எதிராக எட்சா சாலையில் ஜனம் திரண்டபோது லிம் வடக்குப் போலீஸ் மாவட்டத்தின் தலைவர். கூட்டத்தைக் கலைக்கச் சொல்லி மேலிருந்து உத்தரவு வந்தது. அவர் கலைக்கவில்லை. அடுத்த ஆண்டு ஜனவரி 22-ஆம் தேதி, நிலம் கேட்டு விவசாயிகள் ஜனாதிபதி மாளிகையை நோக்கி ஊர்வலம் வந்தார்கள். மெண்டியோலா பாலத்தருகே துப்பாக்கிச் சூடு நடந்து 13 பேர் செத்தார்கள். அப்போது மணிலா நகரின் மேற்குப் போலீஸ் மாவட்டத் தலைவர் இதே லிம். அன்றைய சாவுகளுக்காக யாரும் தண்டிக்கப்படவில்லை. இரண்டு சம்பவங்களுக்கும் இடையே பதினொரு மாதம். முதல் சம்பவத்தை மட்டும் சொல்லி அவரை வீரராக்குகிறவர்களும் உண்டு, இரண்டாவதை மட்டும் சொல்லி வில்லனாக்குகிறவர்களும் உண்டு. எனக்கு இரண்டும் சேர்ந்துதான் ஒரு போலீஸ் அதிகாரியின் வாழ்க்கையாகத் தெரிகிறது. உத்தரவை எப்போது மீறலாம், எப்போது தன் படையின் மீதே பிடி நழுவும் என்பதை யாரும் அவருக்கு முன்கூட்டிச் சொல்லித் தந்திருக்க முடியாது.

அதன்பின் தேசியப் புலனாய்வுத் துறையின் இயக்குநராக இருந்துவிட்டு, 1992-இல் மேயர் தேர்தலில் நின்று ஜெயித்தார். பத்திரிகைகள் அவருக்கு 'டர்ட்டி ஹாரி' என்று பெயர் வைத்திருந்தன. கிளின்ட் ஈஸ்ட்வுட் படத்தில் வரும், சட்டப் புத்தகத்தைவிடத் துப்பாக்கியை நம்பும் போலீஸ்காரன் பெயர். லிம் அதற்காகக் கோபப்பட்டதாகத் தெரியவில்லை. ஓட்டு வாங்க உதவிய பெயர் அது.

மேயரானதும் அவர் கைவைத்த இடம் எர்மிட்டா. மாபினி, எம்.எச். டெல் பிலார் என்ற இரண்டு தெருக்களில் வரிசையாக மது விடுதிகள். வெளிநாட்டுச் சுற்றுலாக்காரர்களுக்குத் தெரிந்த சிவப்பு விளக்குப் பகுதி. எத்தனையோ மேயர்கள் பேசிவிட்டு விட்டுப்போனதை லிம் செய்து காட்டினார். 1992 டிசம்பரில், தங்கும் விடுதிகள் மணிக்கணக்கில் அறை வாடகைக்கு விடக்கூடாது என்று ஒரு நகரச் சட்டம். 1993 மார்ச்சில் இன்னொன்று: எர்மிட்டா, மலாத்தே பகுதிகளில் இருக்கும் மது விடுதி, கரவோக்கே, மசாஜ் நிலையம், மோட்டல் எல்லாம் மூன்று மாதத்தில் வேறு தொழிலுக்கு மாற வேண்டும், இல்லையென்றால் ஊரைவிட்டுப் போக வேண்டும். விளக்குகள் அணைந்தன. தாய்மார்கள், பாதிரியார்கள், பள்ளி ஆசிரியர்கள் கைதட்டினார்கள். தொழில் மட்டும் சாகவில்லை. பக்கத்து நகரங்களான பாசாயிலும் மக்காத்தியிலும் கடை விரித்துக்கொண்டது.

இதைவிட முக்கியம் நீதிமன்றம் சொன்னது. 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து ஒரு மோட்டல் நிறுவனம் வழக்குப் போட, 2005 ஏப்ரலில் பிலிப்பீன்ஸ் உச்ச நீதிமன்றம் அது அரசியலமைப்புக்கு விரோதம் என்று ரத்துச் செய்தது. நோக்கம் நல்லதாக இருக்கலாம். ஆனால் ஒருவருடைய சொத்தையும் பிழைப்பையும் நட்டஈடு இல்லாமல், ஒரே கோட்டில் நல்லவனையும் கெட்டவனையும் சேர்த்து அழிக்க நகர மன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்பது தீர்ப்பின் சாரம். மணிக்கணக்கு வாடகைச் சட்டமும் 2009 ஜனவரியில் அதே கதியை அடைந்தது. பின்னாளில் லிம் இரண்டாம் முறை மேயராக இருந்தபோது, பந்தாக்கான் பகுதியின் எண்ணெய்க் கிடங்குகள் அங்கேயே நீடிக்க வழிசெய்து 2009-இல் கையெழுத்திட்ட சட்டத்தையும் 2014-இல் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. வழக்கறிஞர் படிப்பு படித்த மேயருக்கு இது கொஞ்சம் அதிகம்தான்.

மணிலா நீதிமன்றங்களுக்கு இது புதிதும் இல்லை. 1918 அக்டோபரில் அன்றைய மேயர் ஹுஸ்தோ லுக்பானும் அவருடைய போலீஸ் தலைவரும், ஊரைச் சுத்தம் செய்கிறோம் என்று சொல்லி, பாலியல் தொழிலில் இருந்த 170 பெண்களை இரவோடு இரவாகக் கப்பலேற்றித் தெற்கே டாவாவுக்கு அனுப்பினார்கள். அந்தப் பெண்களிடம் யாரும் கேட்கவில்லை. எங்கே போகிறோம் என்பதுகூட அவர்களுக்குத் தெரியாது. உறவினர்கள் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். நீதிமன்றம் மேயரைக் கண்டித்து, தன் உத்தரவைச் சரியாக நிறைவேற்றாததற்காக 100 பெசோ அபராதமும் போட்டது. பிலிப்பீன்ஸ் சட்ட மாணவர்கள் இன்றுவரை அந்தத் தீர்ப்பைப் படிக்கிறார்கள். லுக்பான் போலீஸ்காரர் இல்லை, டாக்டர். ஆகவே ஊரைத் துடைத்துப் போட்டுவிட்டால் நோய் போய்விடும் என்ற எண்ணம் சீருடை போட்டவர்களுக்கு மட்டும் உரியது என்று நான் சொல்ல மாட்டேன். சீருடை போட்டவரிடம் அதைச் செய்து முடிக்க ஆளும் பழக்கமும் கூடுதலாக இருக்கின்றன.

லிம்மின் முதல் ஆட்சியில் நம்மவர்கள் நின்று யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. போதைப்பொருள் விற்பவர்கள் என்று சந்தேகப்பட்டவர்களின் வீட்டுச் சுவரில், இங்கே வியாபாரி குடியிருக்கிறான் என்று சிவப்புச் சாயத்தால் எழுத வைத்தார். விசாரணை இல்லை, தீர்ப்பு இல்லை; பட்டியலில் பேர் இருந்தால் சுவரில் எழுத்து. அந்த வீட்டில் ஒரு பாட்டி இருந்திருக்கலாம், பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருந்திருக்கலாம். டாவாவின் டுத்தெர்த்தே ஜனாதிபதியாகி ஆயிரக்கணக்கானவர்கள் தெருவில் சுடப்பட்டது பல ஆண்டுகள் கழித்து. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது லிம்முக்குச் செய்யும் அநியாயம். ஆனாலும் வீட்டுச் சுவரில் பேர் எழுதும் அதிகாரத்தை ஒரு நகரம் கைதட்டி ஒப்புக்கொண்டது என்பது மறக்கக்கூடியது இல்லை.

பட்டியலில் பேர் இருப்பது என்றால் என்ன என்று நம் தாமான் குடும்பங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 2009 ஜனவரியில் 22 வயது குகன், சுபாங் ஜெயாவில் தைப்பான் போலீஸ் நிலையத்தில் விசாரணைக் காவலில் இறந்தார். அவருடைய குடும்பத்துக்கு இழப்பீடு கொடுக்கும்படி பின்னர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2021-இல் கோம்பாக் மாவட்டப் போலீசார் காவலில் எடுத்த கணபதி என்பவர் அந்த ஏப்ரலில் செலாயாங் மருத்துவமனையில் உயிரிழந்தார். ரவாங் அந்தக் கோம்பாக் மாவட்டத்தில்தான் இருக்கிறது. போலீசைக் கண்காணிக்கச் சுயேச்சையான ஆணையம் வேண்டும் என்று அரச விசாரணைக் குழு 2005-இலேயே பரிந்துரைத்தது. அதன் அதிகாரங்களைக் கழித்துக் கழித்து, எஞ்சிய வடிவம் நடைமுறைக்கு வந்தது 2023-இல். இதையெல்லாம் அறிந்த ஒரு சமூகம், 'போலீஸ்காரரைக் கொண்டாந்து போடணும்' என்று காபி குடித்துக்கொண்டே சொல்வதுதான் எனக்கு விளங்காத வேடிக்கை.

லிம்மின் கணக்கில் வரவுப் பக்கமும் உண்டு. 1995-இல் அவர் தொடங்கிய நகரக் கல்லூரி பல்கலைக்கழகமாக வளர்ந்து, ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு இலவசப் படிப்புக் கொடுத்தது. நகர மருத்துவமனைகளில் இலவச மருத்துவம் என்பதைப் பிடிவாதமாகக் காப்பாற்றினார். 1998-இல் ஜனாதிபதித் தேர்தலில் நின்று எஸ்திராடாவிடம் தோற்றார். பிறகு உள்துறைச் செயலாளர், செனட்டர். 2007-இல் மறுபடி மேயர். 2010-இல் இன்னொரு தவணை. மக்கள் அவரை வெறும் பயத்தில் தேர்ந்தெடுக்கவில்லை.

அந்த 2010-இல்தான் ஆகஸ்ட் 23 வந்தது.

ரொலாண்டோ மெண்டோசா என்ற முன்னாள் போலீஸ் அதிகாரி, ஒரு காலத்தில் விருது வாங்கியவர், மிரட்டிப் பணம் பறித்த புகாரில் வேலை இழந்தவர். அன்று காலை எம்-16 துப்பாக்கியுடன் ஹாங்காங் சுற்றுலாப் பயணிகள் இருந்த ஒரு பேருந்தில் ஏறி, ரிசால் பூங்காவில் கிரினோ மேடைக்கு முன் நிறுத்தச் செய்தார். கேட்டது ஒன்றுதான்: என் வேலையைத் திருப்பிக் கொடு. லிம்முக்கு இதைவிடத் தெரிந்த களம் இருக்க முடியாது. தம் ஊர், தம் போலீஸ் படை, எதிரே நிற்பவனும் அதே படையிலிருந்து வந்தவன். நகர நெருக்கடிக் குழுவின் தலைவர் என்ற முறையில் முடிவெடுக்கும் அதிகாரமும் அவரிடம்.

காலையில் நன்றாகத்தான் போனது. பேச்சுவார்த்தையில் குழந்தைகள், முதியவர்கள் என்று சிலரை மெண்டோசா இறக்கிவிட்டார். நாள் முழுவதும் இழுத்தது. மாலையில் குறைகேள் ஆணையர் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. வழக்கை மறுபடி பார்க்கிறோம் என்று மட்டும் அதில் இருந்தது. வேலை திரும்பக் கிடைக்கும் என்று இல்லை. மெண்டோசா அதைக் குப்பை என்றார். அவருடைய தம்பியும் போலீஸ்காரர். துப்பாக்கியோடு அண்ணனிடம் பேசப் போனவர். அவரைக் கைது செய்யச் சொன்னார் லிம். தம்பி தரையில் புரண்டு கத்துவதைத் தொலைக்காட்சிகள் நேரடியாகக் காட்டின. பேருந்துக்குள் ஒரு டிவி இருந்தது. மெண்டோசா பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு நடந்தது உலகம் பார்த்தது. சுடத் தொடங்கினார். தப்பி ஓடிவந்த ஓட்டுநர் எல்லாரும் செத்துவிட்டார்கள் என்று கத்தினார். நகரப் போலீசின் அதிரடிப் படை சம்மட்டியால் பேருந்துக் கண்ணாடியை அடித்துக்கொண்டிருந்தது, ஒரு மணி நேரத்துக்கு மேல், கேமராக்கள் முன்னால். தேசியப் போலீசில் இதற்கென்றே பயிற்சி பெற்ற படை இருந்தும் உள்ளே அனுப்பப்படவில்லை. முடிவில் ஹாங்காங்கைச் சேர்ந்த எட்டுப் பேர் பிணமானார்கள், மெண்டோசாவும் செத்துக் கிடந்தார். அந்தக் கடைசி நேரத்தில் லிம் எங்கே இருந்தார் என்று விசாரணைக் குழு கேட்டது. களத் தளபதியுடன் பக்கத்தில் ஓர் உணவகத்துக்குச் சாப்பிடப் போயிருந்தார்.

நீதித்துறைச் செயலாளர் லெய்லா தெ லிமா தலைமையிலான அந்தக் குழு லிம் உட்படப் பலர் மீது நடவடிக்கை வேண்டும் என்றது. ஜனாதிபதி அலுவலகம் அதைக் கீழிறக்கி நிர்வாகக் குற்றமாக்கியது. ஹாங்காங் மக்கள் வருடக்கணக்கில் மன்னிக்கவில்லை. பயண எச்சரிக்கை, அதிகாரிகளுக்கு விசா தடை என்று நீண்டது. 2014-இல்தான் சமாதானம் ஆனது, அதற்காக அலைந்தவர் லிம்முக்கு அடுத்து வந்த மேயர்.

இதை ஒரு முதியவரின் தவறு என்று மட்டும் விட்டுவிடலாம். நான் வேறு விதமாகப் படிக்கிறேன். நாற்பது வருடம் போலீசில் இருந்தவருக்கு அன்று தேவைப்பட்டது போலீஸ் அறிவு இல்லை. மேயர் அறிவு. தம்பியைக் கைது செய்வது போலீஸ்காரருக்குச் சரியாகப் படும்: ஆயுதத்தோடு உத்தரவை மீறியவன், பிடி. மேயர் ஒருவர் கேட்டிருக்க வேண்டியது, இதை ஊரே டிவியில் பார்க்கிறதே, உள்ளே இருப்பவன் பார்க்க மாட்டானா என்பது. நம் ஊர் ஆட்களையே நம்பி இருப்பதா, வெளியிலிருந்து படை கேட்பதா என்ற கேள்வியில் சொந்தப் படை மீதான பாசம் குறுக்கே வந்தது என்றும் எனக்குத் தோன்றுகிறது. 'போலீஸ் மேயர்' வந்தால் ஊர் நேராகும் என்பவர்கள் அந்தப் பதினொரு மணி நேரத்தைப் பார்க்க வேண்டும். அவருக்கு நன்றாகத் தெரிந்த வேலையே அங்கே கண்ணை மறைத்தது.

எல்லாப் போலீஸ் தலைவர்களும் ஒரே அச்சில் வார்த்தவர்கள் இல்லை. ஃபிலடெல்ஃபியாவில் ஃபிராங்க் ரிஸ்ஸோ, 1967 முதல் போலீஸ் ஆணையராக இருந்து 1972-இல் மேயரானவர், கறுப்பர்களுக்கு எதிரான கடுமையையே தம் அடையாளமாக வைத்துக்கொண்டார். மூன்றாம் தவணை கிடைக்க நகரச் சாசனத்தைத் திருத்தப் பார்த்தார். 1978-இல் மக்கள் ஓட்டுப் போட்டு முடியாது என்றார்கள். அடுத்த வருடம் மத்திய நீதித்துறை அந்த ஊர்ப் போலீஸ் மீதே வழக்குப் போட்டது. அவருக்கு வைத்த வெண்கலச் சிலையை 2020 ஜூனில் ஓர் இரவில் பெயர்த்துக்கொண்டு போனார்கள். ஹூஸ்டனில் லீ பிரவுன் நேர் எதிர். குற்றவியலில் டாக்டர் பட்டம் பெற்ற கறுப்பினத்தவர். 1982-இல் அந்த ஊர்ப் போலீஸ் தலைவராக வந்தபோது, அடக்குமுறைக்குப் பேர்போன ஒரு படை அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒவ்வொரு அக்கம்பக்கத்தோடும் உட்கார்ந்து பேசும் போலீஸ் முறையை அவர் அங்கே வளர்த்தார். பிறகு நியூயார்க் போலீஸ் ஆணையர், கிளின்டன் அமைச்சரவை, 1998 முதல் ஆறு வருடம் ஹூஸ்டன் மேயர். அந்த ஊர் ரயில் அவர் காலத்தில்தான் ஓடத் தொடங்கியது. தெஹ்ரானிலும் ஒரு போலீஸ் தலைவர், கலிபாஃப், 2005 முதல் பன்னிரண்டு வருடம் மேயராக இருந்து பாலமும் சாலையுமாகக் கட்டித் தள்ளினார். அவரை நியமித்தது நகர மன்றம்.

லிம், ரிஸ்ஸோ, பிரவுன் மூவரையும் பிரிப்பது குணம். மூவருக்கும் பொதுவாக இருந்தது ஒன்றுதான்: ஊர்க்காரர்கள் அவர்களை ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்தார்கள், ஓட்டுப் போட்டே தடுக்கவும் இறக்கவும் அவர்களால் முடிந்தது. லிம் 2013-இல் எஸ்திராடாவிடம் தோற்றார். 2016-இல் மறுபடி நின்று மூவாயிரத்துக்கும் குறைந்த வாக்கில் தோற்றார். 2019-இல் 89 வயதில் இன்னொரு முறை நின்று மூன்றாவதாக வந்தார். ஒரு காலத்தில் ஊரையே கைக்குள் வைத்திருந்தவர், கிழவராக வீடு வீடாக ஓட்டுக் கேட்டார்.

இனி நம் கதைக்கு வருவோம். ரவாங் நகரம் செலாயாங் நகராண்மைக் கழகத்தின் கீழ் இருக்கிறது. அதன் தலைவர், யாங் டி பெர்துவா, மாநில அரசு நியமிக்கும் அதிகாரி. கவுன்சிலர்களும் நியமனம்தான், ஆளும் கட்சிகளுக்குள் பங்கு பிரித்துக்கொள்வது. ஒரு கவுன்சிலர் நல்லவராகவும் ஓடியாடி வேலை செய்கிறவராகவும் இருக்கலாம், அப்படிச் சிலரை எனக்கே தெரியும். ஆனால் அவர் பதவி ரவாங் வாக்காளர் கையில் இல்லை. சாக்கடைக்காகக் கோபப்பட்டால் நாம் செய்யக்கூடியது, மாநிலத் தேர்தலில் சட்டமன்ற உறுப்பினரை மாற்றுவது.

பாடாங் ஜாவாவில் நடந்தது இதற்குச் சாட்சி. 2007 அக்டோபர் 30, தீபாவளிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, கம்போங் ரிம்பா ஜெயாவின் மாரியம்மன் கோயிலை ஷா ஆலம் மாநகராண்மைக் கழகத்தின் அமலாக்கப் பிரிவு போலீஸ் துணையோடு இடித்தது. அந்த மாநகராட்சி மேயரைத் தேர்தலில் கேள்வி கேட்க நமக்கு வழியில்லை. நவம்பர் 25-இல் கோலாலம்பூர்த் தெருவில் ஜனம் இறங்கியது; 2008 மார்ச்சில் சிலாங்கூர் மாநில ஆட்சியே மாறியது. ஓர் அமலாக்க லோரியைத் தட்டிக்கேட்க மாநில அரசாங்கத்தையே கவிழ்க்க வேண்டியிருந்தது. ஆட்சி மாறிய பிறகு கவுன்சிலர் நியமனம் வேறு கட்சிகளின் கைக்குப் போனது. நியமனம் என்ற முறை அப்படியே இருந்தது.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. மலாயாவில் நகரத் தேர்தல்கள் நாடாளுமன்றத் தேர்தலுக்கு முந்தியவை. 1951 டிசம்பரில் ஜார்ஜ் டவுனிலும், 1952 பிப்ரவரியில் கோலாலம்பூரிலும் ஓட்டுப் பெட்டி வைத்தார்கள். 1950-களின் கடைசியில் ஜார்ஜ் டவுன் மேயர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் தொழிலாளர் கட்சியைச் சேர்ந்த டி.எஸ். ராமநாதன், நம்மவர். ஈப்போ நகர மன்றம் சீனிவாசகம் சகோதரர்களின் மக்கள் முற்போக்குக் கட்சியிடம் இருந்தது. 1965-இல் இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டித் தேர்தல்களை நிறுத்தினார்கள். தற்காலிகம் என்றுதான் சொன்னார்கள். அப்போது அமைத்த அரச விசாரணைக் குழுவுக்குத் தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன். நாடு முழுக்கச் சாட்சியம் கேட்டு, உள்ளாட்சித் தேர்தல் திரும்ப வர வேண்டும் என்று அந்தக் குழு எழுதியது. 1968-இல் முடிந்த அறிக்கை 1971-இல் வெளிவந்தது. 1976-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் அந்தப் பரிந்துரையைத் தூக்கிப் போட்டுவிட்டு, 15-ஆம் பிரிவில் தேர்தலுக்கான விதிகள் அனைத்தும் செல்லாது என்று எழுதிக்கொண்டது. நம் சமூகத்தில் அமைச்சர்களின் பெயரைச் சாலைக்கு வைக்கிறோம், மண்டபத்துக்கு வைக்கிறோம். ஆதி நாகப்பன் செய்த இந்தப் பெரிய வேலையைப் பற்றி எத்தனை மேடையில் பேசியிருக்கிறோம்?

எதிர்வாதம் தெரிந்ததுதான். உள்ளாட்சித் தேர்தல் வந்தால் நகரங்கள் ஓர் இனத்தின் கையிலும் கிராமங்கள் இன்னோர் இனத்தின் கையிலும் போய்விடும், பகை வளரும் என்று 2018 டிசம்பரில் அன்றைய பிரதமர் மகாதீர் சொன்னார். இதைச் சிரித்துத் தள்ள முடியாது. 1969 இனக் கலவரத்தைக் கண்ட நாடு இது. ஆனால் 1965-இன் நகரங்கள் இன்று இல்லை. ரவாங்கையே பாருங்கள். புக்கிட் பெருந்தோங் வரை விரிந்த தாமான்களில் மலாய்க் குடும்பங்களும் சீனர்களும் தோட்டத்திலிருந்து வந்த நம்மவர்களும் ஒரே சாக்கடைக்காகத்தான் ஒரே நம்பருக்குப் போன் அடிக்கிறார்கள். நியமனம் இனப் பகையைக் குறைத்தது என்பதற்கு பாடாங் ஜாவாவைவிடச் சங்கடமான பதில் கிடையாது.

நம்மவர்களுக்கு ஏன் இந்தக் கண்டிப்பான ஆள் மீது மோகம் என்று யோசித்தால், தோட்டம் நினைவுக்கு வருகிறது. பெஸ்தாரி ஜெயாவிலும் பத்து அராங் சுற்றிலும் இருந்த எஸ்டேட்டுகளில் எங்கள் தாத்தாக்கள் பார்த்த அரசாங்கம் துரைதான். சம்பளம், வீடு, டிஸ்பென்சரி, தண்டனை எல்லாம் பங்களாவிலிருந்து வரும். கிராணியும் மண்டோரும் அதை லயத்துக்குக் கொண்டுவருவார்கள். நல்ல துரை வந்தால் லயம் சுத்தமாக இருக்கும், கெட்டவன் வந்தால் கஷ்டகாலம். மாற்றும் வழி கிடையாது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தபோது கேட்ட கோரிக்கைகளில் ஒன்று, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பது. கூலி உயர்வோடு அதையும் கேட்டார்கள். தலைவர் ஆர்.எச். நாதனை நாடு கடத்தினார்கள். படை இறங்கியது, ஆட்கள் சுடப்பட்டார்கள். அந்தத் தலைமுறை தாங்களே கணக்குக் கேட்கத் துணிந்தது. அவர்கள் பேரன்கள் நாம், நல்ல துரையாக ஒருவரை அனுப்பிவையுங்கள் என்று விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஒருவேளை நாளைக்கு உண்மையிலேயே ஓய்வுபெற்ற போலீஸ் தலைவர் ஒருவரைச் செலாயாங்கில் நியமித்தால்? பிரவுன் போன்ற ஆளாக இருந்தால் நம் அதிர்ஷ்டம். லிம்மின் முதல் இரண்டு வருடம் போல இருந்தாலும் பசார் மாலாம் கெராய்கள் நேர் வரிசையில் நிற்கும், சம்மன் மழை பொழியும், கைதட்டல் கிடைக்கும். மூன்றாம் வருடம் வீட்டுச் சுவரில் எழுத ஆரம்பித்தால் என்ன செய்வோம்? மணிலாக்காரனுக்கு நீதிமன்றமும் வாக்குச்சாவடியும் இருந்தன. நமக்கு நீதிமன்றம் இருக்கிறது, வழக்கறிஞர் கட்டணம் கட்ட முடிந்தவர்களுக்கு.

பினாங்கு அரசு 2012-இல் தானே ஒரு சட்டம் இயற்றித் தேர்தல் நடத்தப் பார்த்தது. 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் முடியாது என்றது. ஆகவே மந்திரி புசாரைக் கேட்டுப் பயனில்லை, மாநிலச் சட்டமன்றத்தாலும் ஆகாது. 15-ஆம் பிரிவை நீக்க வேண்டியது நாடாளுமன்றம். அடுத்த பொதுத் தேர்தலுக்கு செலாயாங், உலு சிலாங்கூர், கோல சிலாங்கூர் தொகுதிகளின் வேட்பாளர்கள் நம் கோயில் மண்டபங்களுக்குக் கட்டாயம் வருவார்கள். மாலை போடுவதற்கு முன்னால், அந்த ஒரு பிரிவுக்கு எதிராகக் கை தூக்குவீர்களா என்று கேட்டு, பதிலை மண்டபத்தில் எல்லார் முன்னாலும் சொல்ல வைக்கலாம்.